தாய்வீட்டுக் கொல்லையும் வரும் பருவத்துப் பூக்களும்

கிராம அடங்கலில் நெல், கேழ்வரகு, நிலக்கடலை ஆகியவை அவ்வவற்றின் பரப்போடு பதிவு பெறுகின்றன. நத்தத்திலுள்ள வீட்டின் பின்புறத்தே, இரண்டு மூன்று சென்டு கொல்லையில் ஒரு பெண் வளர்க்கும் பூச்செடிகளுக்கோ எந்தக் கணக்கிலும் இடமில்லை. அதற்குத் தீர்வை இல்லை என்பது நன்றே. எனினும், கணக்கில் ஏறாத பயிர் வீட்டாருடைய யோசனையிலும் ஏறாமற் போய்விடுகின்றது. வயலுக்கு ஆள் எத்தனை வேண்டும், எந்த நாளில் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடும் மிராசுதாரர், கொல்லைப் பூவைப் பறிக்கும் கை யாருடையது, அந்தக் கைக்கு அவ்வேளையில் வேறு எந்த வேலை காத்திருக்கின்றது என்று கேட்பதில்லை. வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்கும் ஆண்டில் இக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். அதனைக் கேட்டுக்கொண்டு வரும் பருவத்துப் பூக்களை ஏற்பாடு செய்யும் விதத்தை ஈண்டு விவரிக்கலாம்.

செவ்வாப்பேட்டையில் எங்கள் கொல்லை நான்கு சென்டு அளவுள்ளது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் போடப்பட்ட இருப்புப்பாதை எங்கள் ஊரை ஒட்டிச் செல்கின்றது. இன்று அதில் ஓடும் புறநகர் ரயில்களில் காலையிலேயே பூக்கூடையோடு ஏறும் பெண்கள் உண்டு. ஆகவே இப்பக்கத்தில் பத்துச் செடி வைத்திருப்பவளும் நாலு முழத்தை விற்றுக் கைச்செலவுக்குக் காசு பார்க்க இயலும். என் மூத்த மகள் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வர இருக்கின்றாள். பங்குனிக் கடைசியில் பேறுகாலம் என்று மருத்துவர் கணித்துள்ளார். இந்த ஐப்பசியிலேயே கொல்லையைப் பற்றி முடிவு செய்யாவிடில், பங்குனியில் யோசித்துப் பயனில்லை.

பூச்செடிகளை நிறத்தாலும் மணத்தாலும் வகைப்படுத்துவது வழக்கம். பிள்ளை பெற்ற வீட்டில் அவற்றைப் பறிக்கும் வேளையால் வகைப்படுத்துதல் வேண்டும். குண்டுமல்லியின் முதிர்ந்த மொட்டைச் சூரியோதயத்திற்கு முன்னரே கொய்துவிட வேண்டும். வெயில் ஏறிய பின் பறித்த மொட்டு, மாலையில் விரியும் முன்பே துவண்டு விலை இழக்கின்றது. இன்று பறிக்கத் தவறியது இன்றிரவே செடியில் மலர்ந்துவிடும், நாளைக்கு உதவாது. முல்லைக்கும் ஏறக்குறைய இதே நியதிதான். கனகாம்பரம் அவ்விதமன்று. அதன் கதிர் அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக விரிந்து வரும்; விரிந்த பூவை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாற் போதுமானது. பறித்த பூவும் எளிதில் வாடுவதில்லை. மணமில்லை என்பது ஒரு குறையே. ஆயினும் தொடுத்த சரத்துக்கு நிறம் கொடுக்கும் பூக்களில் அதற்கு நிகர் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

மொட்டுப் பறிக்கும் நேரமும் சிசு பாலுக்கு அழும் நேரமும் ஒன்றே என்பதை இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் நான் அறிவேன். இரவு மூன்று முறை எழுந்தவளை நாலரை மணிக்குப் பனியில் குனிந்து மொட்டுக் கொய்யச் சொல்லுவது செடிக்குச் செய்யும் சேவையாயிருக்கலாம். தாய்க்குச் செய்யும் தீங்கு என்பதில் ஐயமில்லை. என் இரண்டாம் பிள்ளை பிறந்த ஆண்டில் என் மாமியார், 'நீ படு அம்மா' என்று ஒரே சொல்லாய்ச் சொல்லிவிட்டுத் தாமே கூடையை எடுத்துக்கொண்டு போவார். அக்காலத்து வீடுகளில் அவ்விதம் இன்னொரு கை இருந்தது. இப்போது காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளுக்கும் பெண்கள் முறைவைத்து வேலைக்குச் செல்கின்றனர். அத்தை, நாத்தனார் என்று வீட்டில் ஒழிந்திருப்போர் அரிது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆலை வேலை செய்யும் தாய்க்கு முதல் இரு பேறுகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அந்த 26 வாரமும் உடல் தேறுவதற்கும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்குமே உரியவை. 'வீட்டில்தானே இருக்கின்றாள், பூவைப் பறிக்கட்டும்' என்று அக்காலத்தைத் தோட்டக் கணக்கில் சேர்ப்பது முறையன்று.

தை மாதத்து வளைகாப்புக்கு

ஏழாம் மாதம் தையில் வருகின்றது. அப்போது குண்டுமல்லி அரிதாகையாலும், பொங்கலும் முகூர்த்தங்களும் நெருங்கி வருகையாலும், அதன் விலை ஏறிவிடும். புரட்டாசிக் கடைசியிலேயே கவாத்துச் செய்து, பருவமல்லாத காலத்தில் மல்லிகை எடுக்கும் முறை ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் இத்திருவள்ளூர்ப் பக்கத்தில், அதிலும் களிப்பு மண்ணில், அதனை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெட்டிய செடி துளிர்விடும் சமயத்தில் வேரடியில் நீர் தேங்கினால் செடியே போய்விடும். 2015-ஆம் ஆண்டு மழையில் இப்பக்கத்துக் கொல்லைகள் எவ்வளவு நாள் நீரில் நின்றன என்பதை எவரும் மறந்திரார்.

ஆகவே வளைகாப்புக்கு வேண்டிய பூவைக் கனகாம்பரத்தினிடமும், டிசம்பர்ப் பூவினிடமும், தொட்டிச் சாமந்தியினிடமும் பெற எண்ணியுள்ளேன். கனகாம்பர விதையை ஆடியில் நாற்றுவிட்டு, சுமார் 60 நாள் நாற்றைப் புரட்டாசியில் நடவு செய்தாயிற்று. வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி. தையில் பூ எடுக்கலாம். டெல்லிக் கனகாம்பரம் என்னும் வகை விதை பிடிப்பதில்லை. அதனைப் போத்துகள் கொண்டே பெருக்க வேண்டும். நாட்டு வகையின் முற்றிய காயோ ஈரம் பட்டவுடன் பட்டென்று வெடித்து விதையைச் சிதறிவிடும். குழந்தைகளுக்கு அது பெரிய விளையாட்டு. விதை சேர்ப்பவர்களுக்கு நஷ்டம். காய் பழுப்பேறியதும் காலையிலேயே கொய்து, மூடிய பாத்திரத்தில் உலர்த்துதல் நலம். கத்தரி, தக்காளி வைத்த பாத்தியில் கனகாம்பரம் நடலாகாது; வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழு அம்மண்ணில் பெருகியிருக்கும். வேறு இடமில்லாதார் ஊடே செண்டுமல்லியை வைக்கலாம். அதன் வேரிலுள்ள சத்து அப்புழுவை அடக்குகின்றது.

பங்குனி மல்லிகை

எங்களிடம் குண்டுமல்லி பன்னிரண்டு புதர்கள் உள. கார்த்திகை மத்தியில், அதாவது நவம்பர்க் கடைசி வாரத்தில், அவற்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, புதருக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழு உரம் இடுவது வழக்கம். அவ்விதம் செய்தால் மாசிக் கடைசியில் மொட்டுக் கண்டு, பங்குனி, சித்திரை, வைகாசியில் கூடை கூடையாய்த் தரும். மகள் மகப்பேற்றுப் படுக்கையில் இருக்கும் சமயமும் அதுவே. இவ்வாண்டு நான்கு புதர்களை மட்டும் வீட்டுக்கென்று வைத்துக்கொண்டு, எட்டுப் புதர்களைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் பாதி வாரத்துக்கு விட்டிருக்கின்றேன். அவரே வெட்டுவார், எருவிடுவார், பறிப்பார், விற்பார். விற்றதில் பாதி எங்களுக்கு. பாதி வருமானம் போயிற்றே என்று என் கணவர் வருந்தினார். பறிக்க ஆளின்றிச் செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தால் முழு வருமானமும் போகும் என்று சொன்ன பின் ஒப்புக்கொண்டார்.

மல்லிகையையும் தாய்ப்பாலையும் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லுதல் அவசியம். பாலை வற்றச் செய்வதற்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டும் கைவைத்தியம் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. பிறந்த பிள்ளையை இழந்த தாய்க்கு, வேண்டாத பால் கட்டி வலிக்கும் கொடுமையிலிருந்து விடுதலை தர மூதாட்டிகள் இதனைச் செய்வர். இது வெறும் நம்பிக்கையன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்கள் இதனைப் புரோமோகிரிப்டின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 1988-இல் முடிவை வெளியிட்டனர். பால் சுரப்பும் மார்புக் கட்டும் குறைவதில் பூ, மருந்துக்குச் சளைக்கவில்லை என்று கண்டனர். பால் சுரப்பைத் தூண்டும் இரத்தச் சுரப்பு நீரும் இரண்டினாலும் குறைந்தது, மருந்தினால் மிகுதியாகக் குறைந்தது. ஆகவே, பால் கட்டி வலிக்கின்றது என்று பாலூட்டும் தாய்க்கு இவ்வைத்தியத்தைச் செய்தல் தகாது, பாலே குறைந்துவிடும். அத்தகைய வலிக்குச் செவிலியரையோ மருத்துவரையோ நாடுதல் வேண்டும். ஆராயப்பட்டது மார்பில் கட்டும் முறையே. கூந்தலில் சூடுவதைப் பற்றியதன்று.

அகற்ற வேண்டியவை

வேலியோரத்தில் நின்ற அரளியை இம்மாதமே வேரோடு எடுத்தாயிற்று. அரளியின் இலை, பூ, பட்டை, வேர் யாவும் நஞ்சு. உலர்ந்த பின்னும் நஞ்சு நீங்குவதில்லை. பூசைக்கு உதவும் செடி என்று பலர் அதனை விட்டுவைக்கின்றனர். பிறக்கும் பிள்ளை அடுத்த மார்கழியில் தவழும். கைக்கு எட்டியதை வாயில் வைக்கும். மஞ்சளரளிக் கொட்டையும், செங்காந்தள் கிழங்கும் அவ்விதமே அபாயமானவை. பிடுங்கிய அரளியை அடுப்பில் எரிக்கலாகாது, புகையும் கெடுதி. ஆடு மாடுகளுக்கு எட்டும் இடத்தில் போடவும் கூடாது. ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும்.

பூச்சி மருந்துக் குப்பிகள் வயற்கொட்டகையில் பூட்டி வைக்கப்பட வேண்டியவை. வீட்டுக் கொல்லைக்கு அவை வேண்டாம், கருவுற்றவளும் பாலூட்டுபவளும் அவற்றைத் தொடவே கூடாது. நான்கு புதர் மல்லிகைக்கு மொட்டுப் புழு வந்தால், துளைபட்ட மொட்டுகளைப் பொறுக்கி அழித்து, வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளித்தாற் போதும்.

எங்கள் ஊருக்கு அடுத்த நிலையமான புட்லூரில், மண்புற்றே கருவுற்ற பெண் மல்லாந்து படுத்திருக்கும் உருவமாக அங்காள பரமேசுவரி என்று வணங்கப்படுகின்றது. அத்தாய்க்குப் பூங்காவனத்தம்மன் என்றும் பெயர். பிள்ளைவரம் வேண்டுவோரும் சுகப்பிரசவம் வேண்டுவோரும் நாள்தோறும் அங்கே திரள்கின்றனர். ஏர் உழுதபோது மண்ணிலிருந்து குருதி பெருகியது என்று தலக்கதை கூறும். பிள்ளைத்தாய்ச்சியையும் பூங்காவனத்தையும் ஒரே பெயரில் வைத்தவர்கள் கொல்லை வேலை அறிந்த குடியானவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தாய்ச்செடி

சாமந்தி பகற்பொழுது குறுகும்போதுதான் மொட்டு வைக்கும் இயல்புடையது. இரவு முழுவதும் தெருவிளக்கின் ஒளி படும் இடத்தில் தொட்டியை வைத்தால் மொட்டுப் பிந்திவிடும். பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அடுத்த ஆண்டுக்கு வேண்டிய கன்றுகளுக்கென இரண்டு மூன்று செடிகளைத் தாய்ச்செடியாக ஒதுக்கி, அவற்றில் அரும்பும் மொட்டைக் கிள்ளிவிட்டு உரமிட்டுப் போற்றுவது என் வழக்கம். பூவும் கொடு, கன்றும் கொடு என்று ஒரே செடியை வருத்தினால் பூ சிறுத்துக் கன்றும் நலிந்து போவதைப் பலமுறை பார்த்திருக்கின்றேன். செடியிடம் இவ்வளவு பரிவு காட்டும் வீட்டில், பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக வைக்க மறப்போரும் உண்டு என்பது வியப்பு.

மல்லிகையில் பதியன் போடுவோரும் அவசரப்படுகின்றனர். முற்றிய கொடியில் சிறு கீறல் செய்து, அரை அடி ஆழத்திற்குள் மண்ணில் படுக்கவைத்து, வேர்விட மூன்று முதல் நான்கு மாதம் பொறுக்க வேண்டும். மேலே துளிர் கண்டவுடன் வேரும் வந்துவிட்டது என்று எண்ணித் தாயினின்று வெட்டிப் பிரிக்கின்றனர். அத்துளிர் தாய் கொடுத்த சாற்றில் வளர்ந்தது. தனக்கென்று வேரில்லாமையால் பிரித்த பத்து நாளில் கருகும். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், பின்னரும் இரண்டு வயது வரை பிற உணவோடு அதனைத் தொடரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதை, பதியன் போட்டறிந்த குடியானவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வர்.

சித்திரை, வைகாசி வெயிலில் நீருக்கு என்ன செய்வது என்பதே எஞ்சிய கவலை. குழந்தையைக் குளிப்பாட்டும் நீரைக் கனகாம்பரப் பாத்திக்குச் செல்லும்படி குளியலறையிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் எடுத்துள்ளேன். பயற்றமாவு தேய்த்த நீரால் செடிக்குக் கெடுதியில்லை. ஊராட்சிக் குழாய்க்கு நேரம் குறிக்கும் அலுவலர்கள், கைப்பிள்ளை உள்ள வீடுகள் இருக்கும் தெருவுக்கு விடியற்காலையைத் தவிர்த்து எட்டு மணிக்கு மேல் நீர் விட்டால், செடியோடு தாயும் அவர்களை வாழ்த்துவாள்.

இந்த ஐப்பசியில் போட்ட மல்லிகைப் பதியன்கள் மூன்றும் மாசியில் வேர்கொண்டிருக்கும். ஐந்தாம் மாதம், ஆவணியில், மகளைப் பிள்ளையோடு புக்ககத்திற்கு அனுப்பும்போது அவற்றில் இரண்டைத் தொட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புவதாக எண்ணம். நாலடி இடைவெளியில் ஓரடிக் குழி வெட்டி, எருவும் மண்ணும் கலந்து நிரப்பி நட வேண்டும் என்று சம்பந்தி வீட்டாருக்கு இப்போதே எழுதியிருக்கின்றேன். அவர்கள் கொல்லை மணற்பாங்கானது. மழை பிடிக்கும் வரையில் வாரம் இருமுறை நீர் விடுதல் வேண்டும்.