கல்லாவுக்கு இரண்டு பூட்டு, கம்ப்யூட்டருக்கு?

இரவு ஒன்பதரை மணிக்குக் கடை அடைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கல்லாவை எண்ணுகிறோம். ஷட்டரை இறக்கி இரண்டு பக்கமும் பூட்டுகிறோம். பூட்டை இழுத்துப் பார்க்கிறோம். பத்தடி நடந்த பிறகு சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்க்கிறோம். அப்பா காலத்துப் பழக்கம். இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரை நாம் எப்படி வைத்திருந்தோம் தெரியுமா? பாஸ்வேர்டு, கடையின் பெயரும் 123-ம். அதையும் மறந்துவிடக் கூடாது என்று துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தோம். அந்தப் பெட்டிக்குள் 64 சில்லறைக் கடைக்காரர்களின் பற்று வரவு இருந்தது. பாக்கி மட்டும் சுமார் 18 லட்சம் ரூபாய். கல்லாவில் ஒரு நாளும் அவ்வளவு ரொக்கம் இருந்ததில்லை.

மதுரை கீழமாசி வீதியில் 1978 முதல் மளிகை மொத்த வியாபாரத்தில் இருக்கிறோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் தகுதி நமக்கில்லை. பட்ட அடியைச் சொன்னால் நாலு பேருக்குப் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறோம்.

தீபாவளி நேரத்தில் விழுந்த பூட்டு

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. கையெழுத்துக் கணக்கு இனி ஒத்து வராது என்று ஆடிட்டர் சொன்னார். 2018-ல் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். பகலில் கடையில் போட்ட பில்லை இரவில் வீட்டில் பதிவு செய்வோம். போனில் வரும் ஆர்டரை நேராக அதிலேயே ஏற்றுவோம். நாம் பார்க்காத நேரத்தில் பேரன் அதில் விளையாடுவான். குடும்பப் போட்டோக்களும் அதில்தான்.

2019 அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணக்கைத் திறந்தால் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. மகன் படித்துச் சொன்னான்: “உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம். சாவி வேண்டுமானால் 980 டாலர் கட்டுங்கள். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலை, 490 டாலர்.”

கொள்ளைக்காரனும் தள்ளுபடி கொடுக்கிறான்! அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 35 ஆயிரம் ரூபாய்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். திருடன் சரக்கைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நம் குடோனில் நம் சரக்கை வைத்தே, தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போகிறான். கோப்பில் உள்ள எழுத்தெல்லாம் ஒரு கணக்குப்படி மாற்றப்பட்டுவிடுகிறது. திருப்பி மாற்றும் சாவி அவனிடம் மட்டுமே இருக்கும். கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாக்கலாம். பூட்டிய கணக்கு அதனால் திரும்பாது.

நகல் வைத்திருந்தோமா என்று கேட்பீர்கள். வைத்திருந்தோம், பென் டிரைவில். அந்தப் பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தோம், கழற்றியதே இல்லை. அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. மாற்றுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டவனுக்கு என்ன நடக்குமோ அதுதான் நமக்கும் நடந்தது.

தவறு யாருடையது?

விசாரித்தபோது பேரன் அழுதுகொண்டே சொன்னான். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு விளையாட்டை இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு இடத்தில் போட்டிருந்ததாம். “வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு இதைப் போடவும்” என்றும் எழுதியிருந்ததாம். காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்று திருடனே சொல்லியிருக்கிறான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது புரியவில்லை.

அவனைத் திட்ட வாயெடுத்தோம். மகன் குறுக்கிட்டான்: “அப்பா, இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற விண்டோஸே காசு கொடுத்து வாங்கினது இல்லையே!” உண்மைதான். சில ஆயிரம் மிச்சம் என்று, “எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க” என்ற கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாம்தான் தலையாட்டினோம். போலி டீத்தூள், போலி மிளகாய்த்தூள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். வீட்டில் வைத்திருந்தது போலி. பேரன் நம்மைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்வான்?

இதில் ஒரு பழைய செய்தியும் உண்டு. ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த முதல் வைரஸ் என்று சொல்லப்படுவது 1986-ல் வந்த ‘பிரெய்ன்’. அதை எழுதியவர்கள் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். தாங்கள் எழுதிய மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகல் எடுக்கிறார்களே என்ற கோபம் அவர்களுக்கு. வைரசுக்குள்ளேயே தங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டிருந்தார்கள். கடை போர்டு மாதிரி! அந்த வைரஸ் பிளாப்பியில் ஏறி உலகமெல்லாம் சுற்றியது.

நோட்டு காப்பாற்றியது

பணம் கட்டலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தோம். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம், கட்டுவது அடுத்தவனைக் கொள்ளையடிக்கக் கொடுக்கும் முதல் என்று ஆடிட்டர் சொன்னார். அந்த மாதமே ஒரு பாதுகாப்பு நிறுவனம் இந்தக் குடும்பத்து வைரஸ்களில் 148 வகைகளுக்கு இலவசச் சாவி வெளியிட்டது. நமக்கு வந்தது அதற்குப் பிந்திய வகை, சாவி பொருந்தவில்லை. பணம் கட்டவில்லை.

ஜி.எஸ்.டி. தளத்தில் நாம் தாக்கல் செய்திருந்த விவரங்களிலிருந்து, பதிவு பெற்ற வணிகர்களின் பில்கள் கிடைத்தன. பதிவு பெறாத சிறு கடைகளின் விற்பனை அதில் மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். நம் பாக்கியில் பெரும்பகுதி அந்தக் கடைகளில்தான்.

அப்போது நம் கணக்குப்பிள்ளை ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டர் வந்ததும் கைக்கணக்கை நிறுத்தச் சொல்லியிருந்தோம். அவர் நிறுத்தவில்லை. கடையிலிருந்து கடனுக்குப் போன சரக்கையெல்லாம் தினமும் எழுதி வைத்திருந்தார். நேரத்தை வீணாக்குகிறார் என்று இரண்டு முறை நாமே கடிந்துகொண்டிருக்கிறோம். “எழுதாம வீட்டுக்குப் போனா தூக்கம் வரல மொதலாளி” என்றார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அந்த நோட்டில் இல்லாதது, போனில் வந்து நாம் வீட்டில் ஏற்றிய ஆர்டர்கள். அதற்குக் கடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். கணக்கு போய்விட்டது என்று சொன்னால் யார் என்ன சொல்வார்களோ என்று பயம். மறைத்தால் நாளைக்குப் பெயர் கெடும். நடந்ததை அப்படியே 64 பேருக்கும் சொன்னோம்.

நத்தம் பக்கம் கணவர் இறந்த பிறகு தனியாகக் கடை நடத்தும் ஓர் அம்மா. நம் நோட்டில் அவர் பாக்கி 11,400 ரூபாய். அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். “அண்ணாச்சி, உங்க கணக்கு குறையுது. நடுவுல போன்ல சொல்லி ஒரு மூட்டை பருப்பு வந்துச்சே, அதை விட்டுட்டீங்க. 14,900 வருது” என்றார். தீபாவளிக்கு முன்பே தீர்த்தும் விட்டார். 61 பேர் கணக்கு இப்படி நேரானது. இரண்டு பேரிடம் பேசிப் பாதியில் முடித்தோம். ஒருவர் கடைசி வரை வரவில்லை. எல்லாம் சேர்த்து 23 ஆயிரம் ரூபாய் நஷ்டம்.

பேத்தியின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் மட்டும் திரும்பவில்லை. மருமகள் இரண்டு நாள் நம்மிடம் சரியாகப் பேசவில்லை. அதற்கு எந்த நோட்டும் இல்லை.

பாஸ்வேர்டு என்னும் தலைவலி

இனி அன்றாடத் தொல்லைகளுக்கு வருவோம். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று வேண்டும் என்பார்கள். மூன்று மாதத்தில் மாற்று என்பார்கள். மூன்று முறை தவறினால் பூட்டிவிடுவார்கள். ஓ.டி.பி. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் போனுக்குப் போகும். நமக்கு மட்டும்தான் இந்தச் சிரமம் என்று வெட்கப்பட வேண்டாம்.

இந்த விதிகளில் பலவும் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003-ல் பில் பர் என்பவர் எழுதிய குறிப்பிலிருந்து பரவியவை. அவரே 2017-ல், அப்படி எழுதியதற்கு வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறார்கள், அதனால் பாதுகாப்பு கூடவில்லை என்பது தெரிந்துவிட்டது. அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதியை மாற்றியது: குறியீடுகளைவிட நீளம் முக்கியம், களவு போனதாகத் தெரிந்தாலொழிய அடிக்கடி மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை.

ஆகவே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து ஒரு நீளப் பாஸ்வேர்டு வையுங்கள். பாங்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு வேறொன்று. நினைவில் நிற்காவிட்டால் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. திரையில் ஒட்டுவதுதான் தவறு.

லாரி நிற்கும் நேரத்தில் அப்டேட்

பாலக்காட்டுக்கு லோடு ஏற்றி லாரி நிற்கும். இ-வே பில் போட உட்கார்ந்தால் “அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்” என்று திரை சொல்லும். டிரைவர் ஹாரன் அடிப்பார். கோபத்தில் அப்டேட்டையே நிறுத்திவிடு என்று மெக்கானிக்கிடம் சொன்னவர்களில் நாமும் ஒருவர்.

2017-ல் நடந்ததைப் படித்த பிறகு அந்தக் கோபம் தணிந்தது. விண்டோசில் இருந்த ஓர் ஓட்டைக்கு மார்ச் 14-ல் திருத்தம் வந்தது. அதைப் போடாதவர்களைத் தேடி மே 12-ல் ‘வான்னாக்ரை’ வந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அதற்காக அப்டேட்டைக் கண்ணை மூடி நம்பவும் முடியாது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டே தவறாகி, சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் கிளம்பவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆகவே அப்டேட் போட வேண்டும்; லோடு இல்லாத நாளில், நகல் எடுத்த பிறகு போட வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

நமது சிபாரிசுகள்

1. நகல் இரண்டு வேண்டும். எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று கடையில். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

2. கணக்குக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் விளையாட வேண்டாம். முடியாவிட்டால் அவர்களுக்கெனத் தனிக் கணக்கு திறந்து, புதிதாக எதையும் ஏற்ற முடியாதபடி வையுங்கள்.

3. “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்” என்று திரையில் வரும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். முன்பின் தெரியாதவர் சொல்லி எந்த ஆப்பையும் போடாதீர்கள்.

4. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும், கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை அல்ல, ஆப்.

5. யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. பின் கேட்டால் பணம் போகப் போகிறது என்று பொருள். கடை க்யூ.ஆர். ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று காலையில் கடை திறந்ததும் பாருங்கள்.

6. பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

7. கோப்பு பூட்டப்பட்டால் பணம் கட்டும் முன், 2016-ல் நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசச் சாவி உண்டா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் கணக்குப்பிள்ளை 2022-ல் ஓய்வு பெற்றார். அவருடைய நோட்டு இன்னும் கல்லா மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்ததும் பாக்கிப் பட்டியலை அச்சடித்து அதில் ஒட்டுகிறோம். பென் டிரைவைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். பூட்டை இழுத்தும் பார்க்கிறோம்.

இன்று இரவு ஷட்டரை இறக்கும்போது, வீட்டுக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகியே இருக்கிறதா என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.