பேசினால் பயம் போகுமா?

திண்டுக்கல் பேருந்து நிலையக் கூட்டத்தைக் கண்டாலே ஒரு மாணவருக்குப் படபடப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'தைரியமா இரு' என்ற அறிவுரை மட்டும் போதாது. விலகி ஓட ஓடப் பயம் வளரும்.

இங்கே உதவுவது பேச்சு சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறை இதற்கு ஓர் அடித்தளம். 'மயங்கி விழுந்துவிடுவேன்' என்ற எண்ணம் உண்மைதானா என்று ஆலோசகருடன் சேர்ந்து அலச வேண்டும். பிறகு செயல்: முதலில் நண்பரோடு ஐந்து நிமிடம், அடுத்து தனியாகப் பத்து நிமிடம். பதற்றம் தானாகவே தணிவதை மனம் மெல்லக் கற்கும்.

ஆலோசகர்மேல் நம்பிக்கையும் விடாத பயிற்சியுமே பலன் தரும். பெற்றோரே, பிள்ளையின் சிறு முயற்சியையும் பாராட்டுங்கள்.

உதவிக்கு 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம்.