எழுந்து நடக்கச் சொல்லும் கைக்கடிகாரம்

கணினி முன் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருப்பது கழுத்துவலி, முதுகுவலியைத் தருவதோடு இதயநோய், நீரிழிவு அபாயத்தையும் கூட்டுகிறது. அந்த நேரத்தை அளந்து, எழுந்து நடக்க நினைவூட்டுவதற்கு ஸ்மார்ட் கைக்கடிகாரம், கைப்பட்டி போன்ற அணிகருவிகள் உதவுகின்றன.

உட்கார்ந்த வேலையின் பாதிப்பை ஆராய்ந்த முன்னோடி பிரித்தானிய மருத்துவர் ஜெரி மொரிஸ். லண்டன் பஸ்களில் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே ஓட்டிய சாரதிகளுக்கு இதயநோய் அதிகம் என்று 1953இல் அவரது குழு காட்டியது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலும் இத்தகைய இரு வேலைகள் அருகருகே நடக்கின்றன. அந்த மரக்கறி மொத்தச் சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்கு நடை ஓய்வதில்லை. கணக்குப் பார்ப்பவர்களுக்கோ பொழுது நாற்காலியிலேயே கழிகிறது.

கருவிக்குள் உள்ள ஆர்முடுகல்மானி, கையசைவைக் கொண்டு அடிகளை எண்ணுகிறது. அடிப்புறத்துப் பச்சை ஒளி, தோலுக்குக் கீழுள்ள குருதியோட்டத்தின் ஏற்றத்தாழ்விலிருந்து இதயத் துடிப்பைக் கணிக்கிறது. 2015இல் விற்பனைக்கு வந்த அப்பிள் கைக்கடிகாரம், மணித்தியாலத்தின் முதல் 50 நிமிடங்களும் உட்கார்ந்தே கழிந்தால் மணிக்கட்டைத் தட்டி எழச் சொல்கிறது. முதுகில் ஒட்டும் கருவிகள் உடல் கூனும்போது அதிர்கின்றன. கண் களைப்புக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் 20 வினாடி பார்க்கும் பழக்கத்தை நினைவூட்டலாகப் பதிந்துகொள்ளலாம்.

கருவியின் எண்களுக்கு எல்லை உண்டு. நாளுக்கு 10,000 அடி என்ற புகழ்பெற்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்கப்பட்ட ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், வயதுவந்தோர் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்செயற்பாட்டில் ஈடுபடவும் உட்காரும் நேரத்தைக் குறைக்கவும் சொல்கிறது. எடை குறைப்பிலும் கருவி மட்டும் போதாது. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இரண்டு ஆண்டுகளின் பின் அணிகருவிக் குழுவினர் சராசரியாக 3.5 கிலோவும், வழமையான ஆலோசனை பெற்றவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தனர்.

துடிப்பும் உறக்கமும் அந்தரங்கத் தகவல்கள். ஊழியர்களுக்குக் கருவி வழங்கும் நிறுவனம் அவற்றைப் பார்க்குமா என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும். இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உள்ளது.

கருவி வாங்க முடியாதவருக்குக் கைப்பேசியின் அலாரமே போதும். அது ஒலித்தவுடன் எழுந்து, தண்ணீர் எடுக்கவாவது நடந்துவர வேண்டும். ஒலியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை.