3,840 சீப்புகளில் ஒரு முகம்!

பாக்கெட் சீப்பு தெரியுமில்லையா? சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கறுப்பாக எட்டிப் பார்க்குமே, அதே சமாச்சாரம்தான். ஒரு பல் போனால் பொறுத்துக்கொள்வோம். இரண்டு போனால் முகம் சுளிப்போம். மூன்றாவதும் போச்சுன்னா ஜன்னல் வழியாகக் கடாசிவிட்டு, மறுநாள் பெட்டிக்கடையில் புதுசு வாங்கிவிடுவோம்.

அமெரிக்காவில் ஒரு அம்மணி இந்த மாதிரிச் சீப்புகள் 3,840 சேர்த்து, வேணும்னே பல்லை உடைத்து ஒரு கலைப்படைப்பு செய்திருக்கிறார். (பி.காம். படித்த எனக்கு உடனே எழுந்த சந்தேகம்: இதை எந்தக் கணக்கில் எழுதுவது? மூலப்பொருளா, தேய்மானமா?)

அவர் பெயர் சோனியா கிளார்க். 1967-ல் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பா ட்ரினிடாட்காரர், அம்மா ஜமைக்கா. 2008-ல் செய்த அந்தப் படைப்பு பத்தடிக்கு மேல் உயரம், ஏழடிக்கு மேல் அகலம். பல் நெருக்கமாக இருக்கிற இடமெல்லாம் கறுப்பு. பல் போன இடத்தில் பின்னால் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் சீப்பு. நாலடி பின்னால் வந்தால்... அட, ஒரு பெண்ணின் முகம்!

யார் அந்தப் பெண்? மேடம் சி.ஜே. வாக்கர். இயற்பெயர் சாரா ப்ரீட்லவ். 1867-ல் லூசியானா மாநிலத்தில் பருத்திக் காட்டில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை இவர்தான். ஏழு வயதில் அப்பா, அம்மா இரண்டு பேருமே இல்லை. வளர்ந்து, ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தார். போதாத காலம், தலைமுடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதற்கு மருந்து தேடப் போனவர், தானே ஒரு களிம்பு தயாரித்து வீடு வீடாக விற்க ஆரம்பித்தார். அப்புறம் இண்டியானாபோலிஸில் தொழிற்சாலை, ஆயிரக்கணக்கில் பெண் ஏஜென்ட்டுகள். 1919-ல் இறந்தபோது, சொந்த உழைப்பில் கோடீஸ்வரி ஆன முதல் அமெரிக்கப் பெண் என்று பெயர். கின்னஸிலும் ஏற்றிவிட்டார்கள்.

'சுருட்டை முடியை நீட்டிக் காட்டிக் காசு பார்த்தவர்தானே' என்று அவரைத் திட்டியவர்களும் உண்டு. காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை நீவுகிற வழக்கம் பரவியதில் அவருக்கும் பங்குண்டுதான். அவரோ, 'நான் முடி வளரத்தான் மருந்து விற்கிறேன்' என்று கடைசிவரை சாதித்தார். எனக்கென்னமோ இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

சரி, அவர் முகத்தை வரையப் பெயிண்ட் இல்லையா, பென்சில் இல்லையா? ஏன் சீப்பு?

விஷயமே அங்கேதான் இருக்கிறது. நெருக்கமான பல் வைத்த பாக்கெட் சீப்பு நீட்டு முடிக்காகச் செய்தது. ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட ஆப்பிரிக்க முடிக்குள் அதை விட்டால் பாதி வழியில் 'டக்'கென்று பல் போகும். போனது சீப்பின் பல், பழியோ முடியின் மேல்! 'கெட்ட முடி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் நடந்த இந்தக் கூத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முடியின் தன்மையை, பின்னலைச் சாக்கு வைத்து ஒருத்தரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்று கலிஃபோர்னியா தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் மாநிலம். வருஷம்? 2019!

கிளார்க் செய்தது என்னவென்றால், அந்த உடைந்த சீப்பையே எடுத்து, அதே முடியால் உயர்ந்த ஒரு பெண்ணுக்கு முகமாக்கிவிட்டார். டெக்ஸஸில் ஆஸ்டின் நகரத்து பிளான்ட்டன் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

அம்மணிக்கு இந்த முடிப் பைத்தியம் சின்ன வயசிலேயே பிடித்துவிட்டது. வாஷிங்டனில் அவர்கள் வீட்டு எதிரே, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தூதர் குடும்பம். கிளார்க்கும் சகோதரியும் அங்கே போய்த் தலையைக் கொடுத்து உட்கார்ந்தால், சிற்பம் மாதிரி விதவிதமாகப் பின்னி அனுப்புவார்களாம்.

அதே பெனின்காரர்தான் மெஷாக் கபா என்ற கலைஞர். இவர் 2005-ல் நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களைச் செயற்கை முடியில் பின்னல் பின்னலாகப் பின்னி, தலையில் மாட்டுகிற 'விக்' ஆக்கினார். சொந்த ஊரான கோட்டோனூவில் ஆட்கள் அவற்றை மாட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலமே போனார்கள். ஆளாளுக்குத் தலையில் ஒரு மாடிக் கட்டடம்! (வீட்டு வரி யார் கட்டுவது என்று கேட்காதீர்கள்.)

கிளார்க் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது 2014-ல் வந்தது. தலைமுடி பின்னுவதுதான் மனிதன் கண்ட முதல் நூல் வேலை என்பது அவர் கட்சி. வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்து சிகையலங்காரப் பெண்களை அழைத்து, 'இந்தாங்க என் தலை. இஷ்டம்போலப் பின்னுங்க' என்றார். ஒருத்தர் பின்னுவார். படம் எடுப்பார்கள். அப்புறம் பிரித்துவிட்டு அடுத்தவரிடம் தலையை நீட்டுவார். படத்தில் கிளார்க்கின் முகமே தெரியாது, பின்னந்தலைதான். பின்னியவர்தான் நம்மைப் பார்த்து நிற்கிறார். நம்ம ஊரில் பூத்தைத்த ஜடை தெரியக் கண்ணாடி வைத்துப் போட்டோ எடுப்பார்களே, அதிலாவது ஜடைக்காரியின் முகம் இருக்கும். பின்னிவிட்ட அத்தையை யார் எடுத்தார்கள்?

அதோடு விடவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கித்தானையும் பட்டு நூலையும் கொடுத்து, தலையில் செய்ததை இதிலும் செய்யச் சொன்னார். மிச்சிகனில் நடக்கிற 'ஆர்ட்பிரைஸ்' போட்டியில் அந்த வருஷம் நடுவர்கள் தந்த முதல் பரிசு, 2 லட்சம் டாலர், இதற்கும் இன்னொரு படைப்புக்குமாகப் பிரிந்தது.

கிளார்க்கின் தலையில் பின்னியதெல்லாம் பிரித்தாகிவிட்டது. பட்டு நூலில் பின்னியவை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னிய அத்தனை பேரின் பெயரும் கிளார்க்கின் பெயரோடு சேர்ந்தே அங்கே பதிவாகியிருக்கிறது.