டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாதது

வீட்டு வாசலுக்கு வந்து ஆர்.ஓ. இயந்திரம் விற்கும் சிலரிடம் ஒரு வித்தை உண்டு. இரண்டு டம்ளர் கேட்பார்கள். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி பிளக்கைச் சொருகுவார்கள். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறி, திட்டுத் திட்டாகக் கசடு மிதக்கும். மற்றது பளிச்சென்று இருக்கும். “இதையா சார் குழந்தைக்குக் குடுக்குறீங்க?” என்ற கேள்வியோடு வியாபாரம் பாதி முடிந்துவிடும்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகப் பிரியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு சொற்பம் என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, துருவும் வருவதில்லை. அடுத்த முறை யாராவது வந்தால், அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு வித்தையைத் தொடரச் சொல்லுங்கள்.

பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரின் சங்கதியும் இதேதான். தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் அளவை அது மதிப்பிடுகிறது. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதன் கண்ணில் படாது. மீட்டர் 40 காட்டும் தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கலாம். 400 காட்டும் தண்ணீர் குடிக்க முழுத் தகுதியோடு இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருளை ஏற்கிறது. வேறு ஆதாரம் இல்லாத ஊரில் 2,000 வரை விட்டுக்கொடுக்கிறது. மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

கிருமியை நீக்கும் வேலை தண்ணீர் குழாய்க்கு வருமுன்பே நடக்கிறது. சென்னைக்குத் தண்ணீர் தரும் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் ஏரித் தண்ணீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. தண்ணீரில் படிகாரத்தைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத கலங்கல் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கும். மேலே தெளிந்தது மணல் வடிகட்டி வழியாக இறங்கும். கடைசியில் குளோரின். அந்த வாடை பலருக்கும் பிடிக்காது. ஆனால் குழாயில் வரும் வழியெல்லாம் கிருமி மறுபடி பெருகாமல் காப்பது, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டிய அந்தக் குளோரின்தான்.

கோளாறு பெரும்பாலும் அதற்குப் பிறகு நடக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் விடாத ஊரில் குழாய் பல மணி நேரம் காலியாகக் கிடக்கும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிந்தால், வெடிப்பு வழியே அது உள்ளே வரும். குழாயிலேயே நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இதற்குத் தாராளமாக உதவி செய்கின்றன. பிறகு மூடி சரியில்லாத சம்ப், வருடக்கணக்கில் கழுவாத மேல்தொட்டி. அங்கே தேங்கத் தேங்க மிச்சக் குளோரினும் தீர்ந்துபோகும்.

சரி, கேன் தண்ணீர்? பெரும்பாலும் போர் தண்ணீர்தான். கரித்தூள் வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா விளக்கு, ஓசோன் எல்லாம் கடந்து 20 லிட்டர் கேனில் ஏறுகிறது. ஒழுங்காக நடக்கும் ஆலையில் அந்த நிமிடம் அது சுத்தமான தண்ணீர். ஆனால் ஓசோன் சீக்கிரமே சிதைந்துவிடும், குளோரினும் கிடையாது. பல வீடு சுற்றி வந்த கேனின் கீறல்களுக்குள் பாசி போன்ற கிருமிப் படலம் தங்கியிருந்தால் தடுக்க ஆளில்லை. அந்தக் கேனைக் கவிழ்த்து வைக்கிறோமே, அந்தக் குழாய் வைத்த பாத்திரத்தைக் கடைசியாக எப்போது தேய்த்தோம்? வீட்டு ஆர்.ஓ.வின் சேமிப்புத் தொட்டிக்கும் இதே கேள்வி பொருந்தும்.

சீல் வைத்த சிறு பாட்டில் கிருமி விஷயத்தில் கேனை விட மேல். அதற்கு வேறு வில்லங்கம்: 2024இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்களைக் கண்டார்கள். உடம்புக்குள் அவை என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அதே ஆண்டு இந்தியாவில் அடைக்கப்பட்ட குடிநீருக்கு இருந்த கட்டாய பி.ஐ.எஸ். சான்று நீக்கப்பட்டு, அது அதிக ஆபத்து உணவு வகையில் சேர்க்கப்பட்டது.

கடலோர உவர் நீர், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடு நீர் ஆகியவற்றின் கதை தனி. கொதிக்க வைத்தால் உப்பும் ஃபுளோரைடும் போகாது. நீர் வற்றினால் செறிவு கூடத்தான் செய்யும். அங்கே ஆர்.ஓ. அவசியம், அல்லது ஒகேனக்கல் போன்ற கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஏரித் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ குழாயில் வரும் வீட்டுக்கு, வடிகட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடி ஆறவைத்த தண்ணீரை விடப் பாதுகாப்பானதைக் கேன்காரர் தந்துவிட முடியாது என்பது என் கட்சி.

சந்தேகம் இருந்தால் கிருமிக்குச் சோதியுங்கள். மருந்து தோய்த்த காகிதம் போட்ட சிறு புட்டி ஒன்று உண்டு. 1982இல் இந்திய விஞ்ஞானிகள் கண்ட எளிய முறை. தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்திருந்தால் கருத்துப்போகும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களும் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. மாதிரியைச் சம்பிலிருந்து எடுக்காதீர்கள்; நீங்கள் குடிக்கிற இடத்திலிருந்து எடுங்கள்.