அளவுகோல் யார் கையில்?

மூக்கு அறியாது. நாக்கு அறியாது. கண் காணாது. கை தொட்டாலும் சுடாது. ஆனால் காற்றோடு வரும், மழையோடு இறங்கும், கீரையிலே படியும், பாலிலே கலக்கும், பிள்ளைகள் விளையாடும் மணலிலே பதுங்கிக் கிடக்கும். கதிரியக்கத் தூசு என்று அதற்குப் பெயர்.

நெருப்பைப் புகை காட்டிக் கொடுக்கும். வெள்ளத்தை இரைச்சல் காட்டிக் கொடுக்கும். இந்தத் தூசையோ ஒரு கருவிதான் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் கருவி யார் கையிலே இருக்கிறது? ஆளவந்தார் கையிலே மட்டுமா? அடுப்படியில் நிற்கும் தாயின் கையிலுமா? இதுதான் இன்று நாம் எழுப்பும் கேள்வி.

கருவி ஒன்றும் மாயப் பெட்டியல்ல. 1908-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ரூதர்போர்டு என்னும் விஞ்ஞானியோடு சேர்ந்து உழைத்த ஹான்ஸ் கெய்கர் அதன் முதல் வடிவத்தை ஆக்கினார். 1928-ல் முல்லர் என்ற மாணவரின் துணையோடு அதைச் செம்மைப்படுத்தினார். ஒரு குழாய், உள்ளே கொஞ்சம் வாயு, நடுவே ஒரு கம்பி, அதற்கு உயர்ந்த மின்னழுத்தம். கதிர் ஒன்று குழாய்க்குள் பாய்ந்தால் மின்துடிப்பு ஒன்று எழும். 'டிக்' என்று ஒலிக்கும். எத்தனை டிக், எத்தனை நிமிடத்தில் என்று எண்ணுவதுதான் வேலை. எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்யலாம். எண்ணுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பதவி வேண்டியதில்லை.

ஆனாலும் எண்ணும் உரிமை எளிதில் மக்கள் கைக்கு வந்துவிடவில்லை. எப்படி வந்தது என்பதை ஜப்பான் நாட்டிலே பார்ப்போம்.

2011 மார்ச் 11. பூமி அதிர்ந்தது, கடல் பொங்கியது. ஃபுகுஷிமா டாயிச்சி அணு உலைகள் குளிர்விக்க வழியின்றித் தவித்தன. அன்றிரவு உலையைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் இருப்போர் வெளியேறுக என்றது அரசு. மறுநாள் காலை, 10 கிலோமீட்டர் என்றது. மாலையில், 20 கிலோமீட்டர் என்றது. வரைபடத்தின்மேல் கவராயத்தை வைத்து வட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவதுபோல, அழகான வட்டம்!

காற்று கவராயம் பிடித்துக்கொண்டா வீசும்?

நாமியே என்றொரு ஊர். அவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கானோர், வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுஷிமா என்ற மலைப்பகுதிக்கு ஓடினார்கள். அங்கே பள்ளிகளிலும் பொதுக்கூடங்களிலும் தங்கினார்கள். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்கள். பிள்ளைகள் வெளியே விளையாடினார்கள். ஆனால் உலையிலிருந்து கிளம்பிய நச்சுத் தூசும் அதே திசையில்தான் வந்துகொண்டிருந்தது! அடைக்கலம் தேடி அவர்கள் போன இடம் அவர்கள் விட்டு வந்த இடங்கள் பலவற்றைவிடக் கேடானது என்பதை அன்று அவர்களுக்குச் சொல்ல எவருமில்லை.

எவருக்கும் தெரியாததாலா சொல்லவில்லை? இல்லை. காற்று எந்தப் பக்கம் தூசைக் கொண்டுபோகும் என்று கணிக்க, 'ஸ்பீடி' என்றொரு கணிப்பு முறையை ஜப்பான் அரசு பல ஆண்டுகளாக வைத்திருந்தது. அதன் கணிப்பு மார்ச் 14-லேயே அமெரிக்கப் படையினருக்குக் கிடைத்தது. சொந்த நாட்டு மக்களுக்கு வெளியிடப்பட்டது எப்போது தெரியுமா? மார்ச் 23-ல்! அந்நியப் படைக்கு ஒரு நீதி, ஊரைவிட்டு ஓடும் குடிமகனுக்கு ஒரு நீதியா? உலையின் நிலைமை தெரியாததால் கணிப்பு துல்லியமானதல்ல என்றார்கள். வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்றார்கள். பீதியடையாமல் விஷக்காற்றுக்குள் நடந்தார்கள் மக்கள். அதுவா நல்லது?

வட்டத்துக்கு வெளியே இருந்த ஈட்டாதே கிராமத்தின் கதையும் இதுவே. 20 கிலோமீட்டர் கோட்டுக்கு அப்பால் இருந்ததால் அந்த ஊர் முதலில் காலி செய்யப்படவில்லை. தூசோ கோட்டைத் தாண்டி வந்து படிந்தது. வெளியேறும் பகுதியாக அது அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 22-ல். ஆறு வாரம் கழித்து!

அதற்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பதுதான் வரம்பு. ஏப்ரல் 19-ல், ஃபுகுஷிமாப் பள்ளிக்கூடங்களுக்கு 20 மில்லிசீவர்ட் வரை போகலாம் என்றார்கள். கதிர் குறையவில்லை, வரம்பு உயர்ந்தது! ஆட்சிக்கு ஆலோசகராக இருந்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டோஷிசோ கோசாகோ இதை ஏற்க மனமின்றி, கண்ணீரோடு பதவி விலகினார். பெற்றோர் மே மாதத்தில் தலைநகருக்குத் திரண்டு சென்று கல்வி அமைச்சகத்தின் வாயிலிலே நின்றார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் 1 மில்லிசீவர்ட்டை நோக்கிக் குறைக்க முயல்வோம் என்ற வாக்குறுதி பிறந்தது.

மக்கள் பாடம் கற்றார்கள். இனி நம் வீட்டை நாமே அளப்போம் என்று புறப்பட்டார்கள். கடையிலே கருவி கிடைக்கவில்லை. உலகெங்கும் கெய்கர் கருவிகள் விற்றுத் தீர்ந்துவிட்டன. விபத்து நடந்த சில நாட்களுக்குள் 'சேஃப்காஸ்ட்' என்ற தன்னார்வலர் கூட்டம் உருவாயிற்று. அவர்கள் தாங்களே கருவி செய்தார்கள். ஜப்பானியர் மதியச் சோறு கொண்டுபோகும் பெட்டியைப் போன்ற ஒரு பெட்டி; உள்ளே கெய்கர் குழாயும், இடத்தைக் குறிக்கும் கருவியும். அதைக் காரின் ஜன்னலுக்கு வெளியே மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓட்டினார்கள். 5 வினாடிக்கு ஒருமுறை, இந்த இடத்தில் இவ்வளவு என்று பெட்டி குறித்துக்கொண்டது.

அரசு சொன்னது ஊருக்கு ஓர் எண். இவர்கள் கண்டது தெருவுக்கு ஓர் எண். ஒரே ஊரில் ஒரு தெரு தாழ்வு, அடுத்த தெரு உயர்வு. ஒரே வீட்டில் கூடத்திலே ஒன்று, கூரைத் தண்ணீர் வடியும் மூலையிலே வேறொன்று. குழந்தை வாழ்வது சராசரியிலா? அந்த மூலையில் அல்லவா மண் கிண்டி விளையாடுகிறது! இப்படித் திரட்டிய அளவுகள் பத்துக் கோடியைத் தாண்டின. அத்தனையையும் எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவிலே வைத்தார்கள். அணு உலைக்கு ஆதரவும் எங்கள் கொள்கையல்ல, எதிர்ப்பும் எங்கள் கொள்கையல்ல. அளப்பதே எங்கள் வேலை என்றார்கள். அதனாலேயே அவர்கள் சொல்லுக்கு மதிப்பு வந்தது.

2011 நவம்பரில் இவாகி நகரிலே, பிள்ளை பெற்ற தாய்மார் முன்னின்று 'தாராசினே' என்ற சோதனைக் கூடத்தைத் தொடங்கினார்கள். அரிசி, காய்கறி, மண், கடல் நீர், வீடு பெருக்கும் இயந்திரத்தின் பையிலே சேர்ந்த தூசு என எல்லாவற்றையும் அளந்தார்கள். 2012 ஏப்ரல் முதல் உணவுக்கு அரசு வைத்த வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். வரம்புக்குக் கீழே என்று சொன்னால் போதுமா? 99-ம் கீழேதான், 1-ம் கீழேதான். எவ்வளவு கீழே என்பதல்லவா தாயின் கேள்வி?

அளப்பதென்றால் அறிந்து அளக்க வேண்டும். இதையும் நாம் சொல்லியாக வேண்டும். வீட்டுக் காற்றை ஒரு வடிதாள் வழியே மின்விசிறி கொண்டு ஒரு மணி நேரம் இழுத்து, அந்தத் தாளைக் கெய்கர் கருவியிடம் காட்டுங்கள். 'டிக் டிக்' என்று படபடக்கும். ஐயோ, வந்துவிட்டது என்று அலறுவான் அரைகுறை. அது பெரும்பாலும் மண்ணிலிருந்து இயற்கையாகக் கசியும் ரேடான் வாயுவின் வாரிசுகள்தாம். எல்லா வீட்டிலும் அது உண்டு. பொறுத்திருங்கள். சுமார் அரைமணி, முக்கால்மணிக்கு ஒருமுறை பாதியாகும். மிஞ்சும் சிறு பங்கும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். அப்படியும் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால்தான் கேள்வி. அயோடின்-131 பாதியாக 8 நாள்; சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு.

கருவிக்குக் குறைகளும் உண்டு. எத்தனை கதிர் என்று சொல்லும். எந்தப் பொருளின் கதிர் என்று சொல்லாது. டிரிட்டியத்தின் மெல்லிய கதிர் அதன் சுவரைக் கடக்காது. உணவிலே கலந்த சிறு அளவைச் சாதாரணக் கையடக்கக் கருவி காட்டாது. அதற்குத்தான் சோதனைக் கூடம். இடத்துக்கு இடம் இயற்கை அளவும் மாறும். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலிலே தோரியம் இருக்கிறது. அங்கே கருவியை நீட்டினால் எந்த உலையும் வெடிக்காமலேயே எண்ணிக்கை ஏறும். ஆகவே ஒரு டிக்கைக் கேட்டு ஓடுவதும் பிழை. டிக்கே கேட்க வேண்டாம் என்று காதைப் பொத்துவதும் பிழை.

பாமரன் கையில் கருவியைக் கொடுத்தால் வீண் பீதி பரவும் என்பார் உண்டு. நடந்தது என்ன? மக்கள் அளந்த அளவும் அரசு அளந்த அளவும் பல இடங்களில் ஒத்தே இருந்தன. அளந்து பார்த்தவர்கள் எங்கே குழந்தையை விடலாம், எங்கே விடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். சிலர் தெளிந்து தங்கினார்கள்; சிலர் தெளிந்து வெளியேறினார்கள். பீதி பரவியது அளந்த இடத்திலல்ல, மறைத்த இடத்தில். அரசு சொன்ன உண்மையைக்கூட மக்கள் நம்பாமல் போனது மறைத்ததன் விளைவு. அதை மீண்டும் நம்ப வைத்தது மக்கள் கையிலிருந்த கருவி. நேர்மையான அரசுக்கு இதைவிட நல்ல சாட்சி வேறுண்டா?

மக்கள் திரட்டும் அளவு உலகையே அசைக்கும் என்பதற்கு முன்னரே சான்று உண்டு. 1958-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், அணுகுண்டுச் சோதனைகளின் ஸ்டிரான்ஷியம்-90 பிள்ளைகளின் எலும்பில் சேர்கிறதா என்று அறிய, விழுந்த பால் பற்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தாய்மார் அனுப்பிய பற்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. ஆம், சேர்கிறது என்று பற்கள் சாட்சி சொன்னன. வான்வெளியில் குண்டு வெடிக்கலாகாது என்ற 1963 ஒப்பந்தத்துக்கு ஆதரவு திரட்டியதில் அந்தப் பால் பற்களுக்கும் பங்குண்டு.

ஜப்பான் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் நிற்கும் நாடு நமது. ஃபுகுஷிமாச் செய்தி கேட்டு 2011-ல் இடிந்தகரையிலே மக்கள் திரண்டதை நாடறியும். உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒருசேர ஒப்பக்கூடியது ஒன்று உண்டு: அளவு மக்களுக்குத் தெரிய வேண்டும், அதுவும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஃபுகுஷிமாத் தாய்மார் பலருக்கு நேர்ந்த சங்கடம் அதுதான். இன்று முற்றத்திலே இவ்வளவு என்று கருவி சொன்னது. நேற்று எவ்வளவு? எழுதி வைத்தவர் இல்லை. ஏரிக்கரையில் அளவுகல் நடுவது வெள்ளத்துக்கு முன்பா, பின்பா? ஊர்ப் பள்ளியிலே ஒரு கருவி. அறிவியல் ஆசிரியர் ஒருவர் பொறுப்பு. வாரம் ஒருமுறை பிள்ளைகளே அளந்து கரும்பலகையில் எழுதும் எண். இது பெருஞ்செலவா? ஆட்சிக்கு ஆபத்தா? ஒளிக்க ஒன்றுமில்லை என்போர் இதற்கு அஞ்சலாமா?

கூலியை அளக்கும் மரக்காலைப் பண்ணையார் கையில் மட்டுமே விட்டால் என்ன ஆகும் என்பதை நம் பாட்டனார் அறிவார். கதிரை அளக்கும் கருவியும் அப்படித்தான். அளவுகோல் மக்கள் கைக்கும் வரட்டும். அப்போது பொய்யும் நிற்காது, பீதியும் நிற்காது!