லாரி எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெயும் வடிகட்டியும்

தமிழ் பயில்வோனுக்கும் மோட்டார் லாரிக்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். எமது ஊர் நெய்க்காரப்பட்டி. பழனியினின்று உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது. கரும்பும் வெல்லமும் ஏற்றிய லாரிகளைக் கண்டே நாங்கள் வளர்ந்தோம். அன்றியும், நெய் என்னுஞ் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. பண்டைத் தமிழில் அச்சொல் ஆவின் நெய்யை மட்டுமன்றி, நெய்ப்புடைய பிறவற்றையும் குறித்தது; எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று. வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்துக் கட்டை வண்டியின் அச்சுக்கு இட்ட மசகும் இவ்வினத்ததே. மசகு காணாத வண்டி தெருவெல்லாம் கேட்க அலறும். எஞ்சினோ எளிதில் அலறாது. அஃது அலறும்போது காலங் கடந்திருக்கும்.

என் சிறிய தகப்பனாருக்கு லாரிகள் இரண்டு. ஒன்று 2008-இல் வெளிவந்த பழைய வண்டி. மற்றொன்று 2021-இல் கடன் பெற்று வாங்கிய புதியது. இரண்டுக்கும் ஒரே பீப்பாயிலிருந்துதான் எண்ணெய் ஊற்றப்பட்டது. “எல்லாம் ஆயில்தானுங்க முதலாளி, இது நல்ல கெட்டியா இருக்குதுங்க” என்று பட்டறைக்காரர் இரு விரலிடையே தேய்த்துக் காட்டினார், அவரும் இசைந்தார். நாளடைவில் புதிய வண்டியில் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியலாயிற்று. பாரத்தோடு மேடேறுகையில் இழுவை குறைந்தது. புகைக்குழாயின் வடிகட்டி சாம்பலால் அடைபட்டிருந்தது. பழைய வகை எண்ணெயே அதற்குப் பெருங்காரணம் என்று பழுது பார்த்தவர் கூறினார். வண்டி இரண்டு வாரம் நின்றது. கடன் தவணை நிற்கவில்லை. சிறிய தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அவ்விரு வாரங்களில் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

எஞ்சின் எண்ணெயின் தொழில் வழவழப்பூட்டுவது ஒன்றே என்று எண்ணுவது பிழை. அது பிஸ்டனின் வெப்பத்தை வாங்கிச் செல்கின்றது. எரிதலில் தோன்றும் அமிலத்தை முறிக்கின்றது. கரித்துகளைக் கட்டிபடவிடாமல் தன்னுள் சுமக்கின்றது. டீசல் எஞ்சினில் கரி மிகுதி. ஆதலின், ஊற்றிய சில நாளிலேயே எண்ணெய் கறுப்பது இயல்பு. ‘கறுத்துவிட்டது, கலப்படம்’ என்று கடைக்காரரோடு பூசலிடுவோர் பலர். கரியை எண்ணெய் சுமவாவிடின் அஃது எஞ்சினுள்ளே எங்கேனும் படிந்திருக்கும் என்பதை அவர் நினைப்பதில்லை. அஞ்சத்தக்க நிறம் வேறு: எண்ணெய் மோர் போல் வெளுத்தால் நீர் கலந்துவிட்டது, உடனே வண்டியை நிறுத்தல் வேண்டும். டீசல் மணம் வீசி எண்ணெய் நீர்த்திருப்பின் எரிபொருள் கசிந்து கலக்கின்றது என்று ஐயுறலாம்.

இனி, தகரத்தின்மேல் அச்சிட்டுள்ள குறிகளைப் பார்ப்போம். 15டபிள்யூ–40 என்பது எண்ணெயின் பிசுக்களவு. டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. முன்னெண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னெண் 100 பாகை வெப்பத்தில் எவ்வளவு திண்மை காக்கும் என்பதையும் காட்டுவன. முற்காலத்தில் வெறும் 40 என்னும் ஒற்றை எண் கொண்ட எண்ணெயே பெரிதும் வழங்கிற்று. அது விடியற்காலையில் தடித்துக் கிடந்து, மேலுள்ள உறுப்புகளைச் சென்றடையத் தாமதிக்கும். அத்தாமதம் தேய்மானத்துக்கு இடந்தரும். நமது சமவெளிக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ–40 போதும். விரலிடையே தேய்த்தறியும் கெட்டித்தன்மை வெப்பத்தில் நிகழ்வதை உணர்த்தாது. பட்டறைக்காரர் விரலுக்கு அனுபவம் உண்டு. ஆனால் 100 பாகையில் எந்த விரலும் சான்று கூறாது.

பிசுக்களவினும் முதன்மையானது தரக்குறி. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ. வகுத்த வரிசையில் சி.ஐ.–4 என்பது 2002-இல் வந்தது. வெளிப்புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உள்ளே செலுத்தும் எஞ்சின்களை எண்ணி அமைத்தது. சி.கே.–4 என்பது 2016-இல் வந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையே எங்கள் இல்லத்துக்குத் துன்பம் தந்தது.

அழுக்கு நீக்கவும் அமிலம் முறிக்கவும் எண்ணெயில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் முதலிய உலோகங்களின் சேர்மங்களைக் கலப்பர். எண்ணெயிற் சிறிது எஞ்சினுள் எரியும்போது அவை சாம்பலாய் எஞ்சும். பழைய வண்டியில் அச்சாம்பல் புகையோடு வெளியேறிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அமைந்த கனரக லாரிகளிலோ, புகைக்குழாயில் கரிவடிகட்டி உண்டு. அதிற் சிக்கிய கரியை மிகு வெப்பத்தால் எஞ்சின் தானே எரித்துக்கொள்ளும். சாம்பல் எரியாது, முன்னரே எரிந்து முடிந்ததன்றோ அது! சிறிது சிறிதாகச் சேர்ந்து வழியை அடைக்கும். ஆகவே சி.கே.–4 எண்ணெயிற் சாம்பலின் அளவு நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தனர். பழைய சி.ஐ.–4 வகைக்கு இவ்வரம்பு இல்லை.

சாம்பல் தரும் சேர்மம் குறைந்தால் அமிலத்தை முறிக்கும் ஆற்றலுங் குறையாதோ என்று வினவலாம். தக்க வினாவே. அவ்வமிலத்துக்குப் பெரிதும் வித்து டீசலிலுள்ள கந்தகம். பாரத் ஸ்டேஜ் 3 டீசலில் பத்து லட்சம் பங்கில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். இன்றைய டீசலில் 10 பங்கே மேல்வரம்பு. பழைய லாரியும் இன்று அதே பம்பில்தான் டீசல் பிடிக்கின்றது. ஆதலின், ஒரே பீப்பாய் வைத்து இருவகை வண்டிகளையும் நடத்த விரும்புவோர், கையேடு தடுக்காதவிடத்து, சி.கே.–4 வைத்துக்கொள்ளலே முறை. புதியது பழையதற்கு உதவும். பழையது புதியதற்கு உதவாது. எப்.ஏ.–4 என்றொரு மெல்லிய இனமும் உண்டு. அதனைப் பழைய எஞ்சினுக்கு ஊற்றலாகாது. வண்டி செய்தோர் தம் கையேட்டிற் குறித்த தரமே எவ்விடத்தும் முடிவானது.

வடிகட்டிக்கு வருவோம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வெல்லங் காய்ச்சுவோர் கருப்பஞ்சாற்றைத் துணியில் வடிப்பர். துணி நெருக்கமாயின் சாறு இறங்காது. நெகிழ்ச்சியாயின் சக்கை இறங்கும். எண்ணெய் வடிகட்டி செய்வோனுக்கும் இதுவே இடர்ப்பாடு. மனிதர் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். எஞ்சினைத் தேய்ப்பனவோ கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள். இவற்றைப் பிடிக்க மடிப்பு மடிப்பான தாளோ செயற்கை இழையோ உள்ளே வைக்கப்படுகின்றது. அமெரிக்காவில் 1923-இல் தோன்றிய எண்ணெய் வடிகட்டிக்கு ‘பியூர்’, ‘ஆயில்’, ‘லேட்டர்’ என்னும் மூன்று சொற்களைச் சேர்த்துப் ‘பியூரோலேட்டர்’ என்று பெயரிட்டனர். நம் புணர்ச்சி விதிகளைக் கண்டு மலைக்கும் நண்பர் இதனையும் நோக்குக.

வடிகட்டி அடைபட்டால் எண்ணெய் நின்றுவிடுவதில்லை. உள்ளிருக்கும் ஒரு வால்வு திறந்து, வடியாத எண்ணெயையே எஞ்சினுக்கு விடும். எண்ணெயின்றிச் சாவதினும் அழுக்கெண்ணெயால் தேய்வது மேலன்றோ? எண்ணெயை மாற்றிப் பழைய வடிகட்டியை விட்டுவைப்போர் புதிய எண்ணெயை வடியாமலே ஓடவிடக்கூடும். மரை பொருந்திற்று என்பது கொண்டு மலிந்த வடிகட்டியைத் திருகுவதும் தீது. அவ்வால்வு திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். புதியதைத் திருகுமுன் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா என்று தடவிப் பார்த்தல் வேண்டும். இரு வளையம் சேர்ந்தால் எண்ணெய் பீறிட்டு ஒழுகிவிடும்.

காற்று வடிகட்டியைப் பற்றி ஒரு சொல். கரும்புக் காட்டு மண்பாதையிற் செல்லும் லாரி, தார்ச்சாலை லாரியினும் மிக்க புழுதி உண்ணும். அதனைக் கழற்றி டயரில் மோதித் தட்டுவது கிளீனர் பலரின் வழக்கம். மோதும்போது தாள் கிழியும், விளிம்பு நெளியும். பின்னர்ப் புழுதி நேரே சிலிண்டரிற் புகுந்து எண்ணெயிற் கலக்கும். அதன்பின் எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாயினும் உப்புத்தாள் தேய்ப்பது போலத்தான்.

சிறிய தகப்பனார் இப்பொழுது கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் எழுதி, அதன்கீழ் எண்ணெயின் தரக்குறி, வடிகட்டியின் எண், மாற்றிய நாள், அன்று ஓடியிருந்த கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்து வருகின்றார். பட்டறைக்காரரும் விரலால் தேய்த்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டுச் சுவரையும் பார்க்கிறார். சங்கிலி சென்ற தைமாதம் மீண்டு வந்தது.